சிப்பியும் செப்புத் தகடும்

"இது எந்தச் செடியின் இலை, ஐயா?"

வகுப்பிலே ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. ஓவியப் பாட நேரம். ஐரோப்பிய அலங்கார வேலைப்பாடு ஒன்றின் படத்தை மாணவர் முன் வைத்து, அதைப் பார்த்து வரையுமாறு கூறியிருந்தோம். வளைந்து நெளிந்து ஓடும் கோடுகள், கோடு முடியும் இடமெல்லாம் சுருள்கள், சுருள்களுக்கு நடுவே ஒரு சிப்பி, சிப்பியின் விளிம்பிலிருந்து முளைத்தெழும் இலை, இலையின் நுனியிலே மலர், மலரின்மீது பறவை. அழகான படந்தான். மற்ற மாணவர் அனைவரும் தலைகுனிந்து வரைந்துகொண்டிருந்தனர். அவன் ஒருவன் மட்டும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

நமக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஆசிரியனுக்கு வெட்கம் என்ன? "நாளை சொல்கிறோம், தம்பி" என்றோம். அன்றிரவு நூல்களைப் புரட்டினோம். கிடைத்த விடை வேடிக்கையானது. அது எந்தச் செடியிலும் இல்லாத இலை! கிரேக்க நாட்டிலே அகாந்தஸ் என்றொரு முட்செடி உண்டு. அதன் இலையைக் கண்டு கல்லிலே செதுக்கினான் ஒரு சிற்பி. அவனைக் கண்டு செதுக்கினான் அடுத்தவன். ரோமாபுரி கடந்து, நூற்றாண்டுகள் பல கடந்து, கை மாறிக் கை மாறி வந்த இலை, இறுதியில் தன் தாய்ச் செடியையே மறந்துவிட்டது. இலையைப் பார்த்து வரைந்த இலையன்று அது. படத்தைப் பார்த்து வரைந்த படம். அதைப் பார்த்து வரைந்த மற்றொரு படம்!

சிறுவன் கேட்டது சிறு கேள்வியன்று. இயற்கையைக் காட்டுவதாகச் சொல்லும் கலை, உண்மையிலேயே இயற்கையைப் பார்த்ததா? இதுதான் அவன் கேட்டது. ஒரு நூற்றாண்டுக் கலையைக் குற்றக் கூண்டில் நிறுத்தக்கூடிய கேள்வி!

இதற்கு விடை தேடும்போது, இருவகை நண்பர் நம்மை மறிக்கின்றனர். "கலையிலே போய்க் கேள்வியா? அழகைக் கண்டால் அனுபவி; ஆராயாதே" என்பர் ஒரு சாரார். "சீமான்களின் மாளிகைச் சரக்கு அது. உழைப்பவன் பிள்ளைக்கு அது எதற்கு? ஒதுக்கித் தள்ளு" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கண்ணை மூடச் சொல்கிறார். பின்னவர் கதவை மூடச் சொல்கிறார். நாம் இரண்டையும் திறந்தே வைக்க விரும்புகிறோம்.

கொலு மண்டபம் கலைந்தபோது

ரொக்கோகோ என்பது அந்தக் கலையின் பெயர். பிரெஞ்சு மொழியிலே 'ரொக்காய்' என்றொரு சொல் உண்டு. செல்வர் தோட்டங்களில் செயற்கைக் குகை கட்டி, அதன் சுவரிலே சிப்பியும் கூழாங்கல்லும் பதிக்கும் வேலைக்கு அந்தப் பெயர். குகைச் சுவரிலிருந்த சிப்பி நாற்காலிக்கு வந்தது. நாற்காலியிலிருந்து கடிகாரத்துக்குத் தாவியது. மெழுகுவத்தித் தண்டு, பூஞ்சாடி, நிலைக்கண்ணாடி என்று வீடு முழுவதும் பரவியது. ரொக்கோகோ என்ற பெயரோ பின்னாளில் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், டாவிட் என்னும் ஓவியரிடம் பயின்ற மாணாக்கர், பழைய பாணியைப் பரிகசிப்பதற்காகச் சூட்டிய கேலிப் பெயர் என்பர்.

1715ஆம் ஆண்டு, 72 ஆண்டுகள் அரியணையில் அமர்ந்திருந்த பதினான்காம் லூயி மாண்டான். தன்னைக் கதிரவனாகவே கருதிக்கொண்ட மன்னன் அவன். வெர்சேல்ஸ் அரண்மனையிலே நாட்டின் பிரபுக்களையெல்லாம் தன் கண்முன் கட்டி நிறுத்தி வைத்திருந்தான். அடுத்து முடி சூடிய பதினைந்தாம் லூயிக்கு வயது ஐந்து! கட்டு அவிழ்ந்தது. பிரபுக்கள் பாரிஸ் நகருக்குத் திரும்பினர்; புதுப் புது மாளிகைகள் கட்டினர். அரச மண்டபத்தின் அச்சமூட்டும் பேருருவம் அங்கே தேவைப்படவில்லை. சிறு அறைகள், வெண்ணிறச் சுவர்கள், பொன்னிறக் கொடிகள், உரையாடலும் இசையும் சீட்டாட்டமும் நிகழும் மாலைகள் — இவற்றுக்கு ஏற்ற கலையாக வந்தது ரொக்கோகோ.

அதே நாட்டில், ஆறே ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது தெரியுமா? 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரிலே பயிர் கருகிற்று, பஞ்சம் பரவிற்று, மக்கள் மடிந்தனர். உழவன் தலைமேல் வரி. பிரபுவும் பாதிரியும் அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றவர்! அந்தச் சுவரிலே ஒட்டிய பொன் எந்த வயலிலிருந்து வந்தது என்று நாம் கேட்காமலிருக்க முடியுமா?

ஆயினும், அந்தக் காலத்துக் கலைஞர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. வாட்டோ என்பவரை எடுத்துக்கொள்வோம். கூரை வேய்பவரின் மகன். நோயோடு போராடி, 1721இல், 36ஆம் வயதில் மறைந்தவர். சோலையிலே சீமான்களும் சீமாட்டிகளும் உலவும் காட்சிகளை வரைந்து புகழ் பெற்றார். சாவதற்குச் சிறிது முன், ஜெர்சேன் என்னும் ஓவிய வணிகரின் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை தீட்டிக் கொடுத்தார். அந்தக் கடையின் பெயர் 'மாமன்னர்'. பலகையிலே என்ன காண்கிறோம்? பட்டாடைச் சீமாட்டி ஒருத்தி கடைக்குள் கால் வைக்கிறாள். அருகே, வைக்கோல் சிதறிக் கிடக்க, கடையின் ஆட்கள் ஒரு படத்தைப் பெட்டிக்குள் இறக்குகின்றனர். யாருடைய படம்? பதினான்காம் லூயியின் படம்! கதிரவனாகக் கருதப்பட்டவன் கட்டுச் சரக்காகிவிட்டான். ஒரு யுகம் மூட்டை கட்டப்படுவதைக் கூலியாட்களின் கையிலே காட்டிவிட்டார் கூரை வேய்பவரின் மகன். மென்மையான பாணிதான், ஆனால் பார்வை கூரியது.

இயற்கை போதவில்லையாம்!

புஷே அப்படியல்ல. 1703இல் பிறந்தவர்; எதையும் எளிதில் தீட்ட வல்லவர்; பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய பாம்பதூர் சீமாட்டியின் ஆதரவு பெற்றவர்; 1765இல் மன்னரின் முதல் ஓவியர் என்னும் பதவியை எய்தியவர். அவர் தீட்டிய நாட்டுப்புறத்தைப் பாருங்கள். இடைச்சி இருக்கிறாள், அவள் மேனியிலே பட்டு. வெறுங்காலோடு இருக்கிறாள், பாதத்திலே ஒரு துளி மண் இல்லை. ஆடு இருக்கிறது; அதன் கழுத்திலே நாடா. மரம் இருக்கிறது, அதன் இலை நீலம் பூத்து, நாடக மேடைத் திரையிலே தொங்குவது போலத் தொங்குகிறது. மேய்ச்சல் இல்லை, மழை இல்லை, வரி கேட்டு வருபவன் இல்லை.

இயற்கை அளவுக்கு மீறிப் பச்சையாக இருக்கிறது, அதற்கு வெளிச்சமும் சரியில்லை என்று புஷே குறைபட்டுக்கொண்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. எவ்வளவு பெரிய உண்மையை அறியாமல் உதிர்த்துவிட்டார்! மாளிகைக்கு இயற்கை வேண்டும்; ஆனால் மண் ஒட்டாத இயற்கை வேண்டும். உழவன் இல்லாத வயல் வேண்டும்; புழு இல்லாத பூ வேண்டும்.

இதைக் கண்டித்தவர் யார்? திதெரோ. கத்தி செய்யும் கொல்லரின் மகன். கடவுட் கொள்கையைக் கேள்விக்குள்ளாக்கிய நூல் எழுதியதற்காக 1749இல் வேன்சேன் கோட்டையிலே சிறை வைக்கப்பட்டவர். பாரிஸ் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி அவர் எழுதிய திறனாய்வுகள், கலைத் திறனாய்வு என்னும் துறைக்கே வழிகாட்டின. புஷேயின் கைத்திறனை அவர் மறுக்கவில்லை. வண்ணத்தை, வளத்தை, வகைவகையான கற்பனையை ஒப்புக்கொண்டார். உண்மை எங்கே என்றுதான் கேட்டார். புஷே முதல் ஓவியராக உயர்ந்த அதே 1765இலும் அந்தக் கண்டனம் ஓயவில்லை. அந்தத் திறனாய்வுகளோ அச்சேறவில்லை. தணிக்கைக்குத் தப்பும் பொருட்டுக் கையாலேயே படியெடுக்கப்பட்டு, அயல்நாட்டுச் சந்தாதாரர் சிலருக்கு மட்டும் அனுப்பப்பட்டன.

மாற்று வழியும் அதே ஊரில், அதே காலத்தில் இருந்தது. தச்சரின் மகன் ஷார்டேன், பாத்திரம் துலக்கும் பணிப்பெண்ணையும், சந்தையிலிருந்து ரொட்டி சுமந்து வந்து நிற்பவளையும் தீட்டினார். குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் ஓர் இளம்பெண்ணைத் தீட்டிய அவருடைய ஓவியம், ஆசிரியத் தொழில் செய்யும் நமக்குத் தனி இன்பம் தருவது. எழுத்தைச் சுட்டும் அவள் கையிலே ஒரு கோல். அந்தக் கோலின் நுனியிலே ஓர் உலகத்தின் கவனம்! அங்கே சிப்பியும் இல்லை, சுருளும் இல்லை. அழகு குறைந்துவிட்டதா என்ன?

தகடு பேசிய பேச்சு

மாளிகைச் சுவரிலே இருந்த கொடி, மற்றவர் வீட்டுக்கு எப்படி வந்தது? இங்கேதான் செப்புத் தகட்டின் கதை தொடங்குகிறது. மாணவர் அறிய வேண்டிய கதை.

வழவழப்பாக மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் மெழுகுக் கலவையை மெல்லியதாகப் பூசுவர். காய்ந்ததும் ஊசி கொண்டு அதன்மேல் வரைவர். ஊசி போன இடத்திலே மெழுகு விலகிச் செம்பு தெரியும். பிறகு தகட்டின்மேல் திராவகம் ஊற்றுவர். மெழுகு உள்ள இடத்தைத் திராவகம் தொடாது. செம்பு தெரியும் கோட்டை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். மெழுகை நீக்கி, மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தெடுத்தால் பள்ளத்திலே மட்டும் மை நிற்கும். ஈரத் தாளை அதன்மேல் பரப்பி உருளைகளுக்கிடையே செலுத்தினால், பள்ளத்து மை தாளிலே ஏறும். வலம் இடமாகும், இடம் வலமாகும். திராவகத்துக்குப் பதிலாக உளியாலேயே செம்பில் நேரே கோடு வெட்டுவதும் உண்டு. ஒரு சுவரோவியம் ஓர் அறைக்குத்தான். ஒரு தகடோ நூற்றுக்கணக்கான தாள்களுக்கு!

புஷேயே இந்தத் தொழிலில் வளர்ந்தவர்தான். வாட்டோ மறைந்த பின், ஜூலியேன் என்னும் துணி வணிகர், வாட்டோவின் கோட்டோவியங்களைத் தகட்டில் பொறித்துத் தொகுதிகளாக வெளியிட்டார். 1726 முதல் 1728 வரை வெளிவந்த அவற்றில் ஏறத்தாழ 350 தகடுகள். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை இளைஞர் புஷேயின் கைவேலை. படியெடுத்துப் படியெடுத்தே கை பழகினார்.

அழகுக் கோலங்களை மட்டுமே தொகுத்த அச்சு நூல்களும் பெருகின. பொற்கொல்லரும் தச்சரும் குயவரும் துணி வேலைக்காரரும் அவற்றை வாங்கித் தத்தம் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். 1760ஐ ஒட்டி லண்டனில் வெளிவந்தது 'சீமாட்டிகளின் பொழுதுபோக்கு' என்னும் தொகுதி. 1500க்கும் மேற்பட்ட உருவங்கள்! அவற்றில் பலவற்றை ஆக்கியவர் லியோன் நகரத்து ஜான் பில்லெமான். மலர், வண்டு, பறவை, சீனக் குடை, படகு என்று பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தன. வெட்டி, வண்ணம் தீட்டி, பெட்டியிலோ தட்டிலோ ஒட்டி மெருகிடலாம். பில்லெமானின் கோடுகளிலே காற்று வீசுகிறது. எடையே இல்லாத கொடி. அதில் ஊஞ்சலாடும் மலர். அந்த இலகுவை நாம் ரசிக்கிறோம், மறைக்கவில்லை.

ஆனால் அந்நூல் தன் வாசகருக்குத் தந்த ஒரு யோசனையைக் கேளுங்கள். இந்தியக் காட்சிகளையும் சீனக் காட்சிகளையும் அமைக்கும்போது மனம்போனபடி உரிமை எடுத்துக்கொள்ளலாமாம். பொருத்தம் பார்க்க வேண்டியதில்லையாம். பட்டாம்பூச்சி யானையைத் தாங்குவது போன்ற விந்தைகளை அத்தகைய படங்களில் காணலாமாம்! நம்மைப் பற்றிய அறிவு அவ்வளவு. யானையைக் கட்டி வாழ்ந்த நாட்டை, பட்டாம்பூச்சியின் முதுகிலே ஏற்றிவிட்டார்கள். தெரியாததைத் தெரிந்துகொள்ளாமலே அழகாக்கலாம் என்னும் துணிவு, ரொக்கோகோவின் பலவீனம் அனைத்தையும் ஒரே வரியில் காட்டிவிடுகிறது.

மற்றொரு பக்கத்தையும் சொல்வோம். 1756ஆம் ஆண்டு, லிவர்ப்பூல் நகரத்திலே சாட்லர், கிரீன் என்னும் இருவர், அச்சுப்படத்தைப் பளபளக்கும் சுவர் ஓட்டின்மேல் ஏற்றும் முறையைக் கையாண்டு, ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளை அச்சிட்டதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தனர். பிறர் உதவியின்றி இருவரே செய்தனராம்! கையால் தீட்டினால் எத்தனை பேர், எத்தனை நாள்! மாளிகையிலே பொன்னாக இருந்த கொடி, நடுத்தரக் குடும்பத்து அடுப்பங்கரையின் சுவருக்கு வந்துவிட்டது. அழகு பிரபுவின் தனியுடைமை என்ற கோட்டையிலே அச்சு யந்திரம் ஓட்டை போட்டது. இதை வரவேற்காதவன் சீர்திருத்தக்காரன் அல்லன்.

இரண்டு பட்டாம்பூச்சிகள்

ரொக்கோகோவின் மனத்தை அறிய இரண்டு பட்டாம்பூச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, மன்னரின் பூவேலை வரைஞராக விளங்கிய சார்ல் ஜெர்மேன் தெ சேன்தோபேன் 1748ஐ ஒட்டிப் பொறித்த படங்களில் வருவது. பட்டாம்பூச்சிகள் மனிதரைப் போல நடந்துகொள்கின்றன! ஒன்று ஒப்பனை மேசை முன் அமர்ந்திருக்கிறது. வேறு இரண்டு வாளேந்திச் சண்டையிடுகின்றன. சுற்றிலும் சிப்பியும் சுருளும் கொடியும். நகைச்சுவை இருக்கிறது, சீமான்களின் நடையுடை பாவனையைப் பார்த்துச் சிரிக்கும் குறும்பும் இருக்கிறது. கோடோ தேன்! ஆனால் பட்டாம்பூச்சியைப் பற்றி அந்தப் படம் நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. சீமான் சிறகு கட்டிக்கொண்டான், அவ்வளவே.

மற்றொன்று, அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. மரியா சிபில்லா மேரியான் என்னும் பெண்மணி, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரிலே அச்சுத் தொழிற் குடும்பத்தில் 1647இல் பிறந்தவர். 13ஆம் வயதிலே பட்டுப்புழு வளர்த்து, அதன் மாற்றங்களைக் குறித்து வைத்தார். பெண்கள் பார்த்துப் பூவேலை செய்வதற்கென 1675இலிருந்து மலர்ப் படங்களைப் பொறித்து வெளியிட்டார். ஆம், அவரும் அலங்காரத்திலேதான் தொடங்கினார்! ஆனால் அங்கே நிற்கவில்லை. பூவைப் பார்த்தவர் பூவைத் தின்னும் புழுவையும் பார்த்தார். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் புழு தானாகவே பிறக்கிறது என்று பலர் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நான்கு நிலைகளையும், அந்தப் புழு உண்ணும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் காட்டினார் மேரியான். அவருடைய புழு நூலின் முதற்பகுதி 1679இல் வந்தது.

1699இல், 52ஆம் வயதில், இளைய மகளை மட்டும் துணைக்கொண்டு, கடல் கடந்து தென்னமெரிக்காவிலுள்ள சூரினாம் நாட்டுக்குச் சென்றார். காட்டிலே பூச்சிகளை ஆராய்ந்தார். நோயுற்று 1701இல் திரும்பினார். 1705இல் அவருடைய பெருநூல் 60 செப்புத் தகட்டுப் படங்களோடு வெளிவந்தது. அந்தப் படங்களின் அழகுக்கு எந்த ரொக்கோகோக் கொடி ஈடாகும்? தண்டு வளைகிறது, இலை சுருள்கிறது, சிறகு விரிகிறது. ஆனால் அந்த இலையிலே ஓட்டை இருக்கிறது! புழு தின்ற ஓட்டை. அதை அவர் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. மயில்கொன்றையை வரைந்தார். அதன் அருகே எழுதினார்: அங்குள்ள அடிமைப் பெண்கள், தம் குழந்தைகளும் அடிமைகளாகப் பிறக்கக் கூடாதென்று, இதன் விதையை உண்டு கருவைக் கலைக்கின்றனர் என்ற செய்தியை. ஒரு மலர்ப் படம். அதன் அடியிலே ஒரு யுகத்தின் குருதி! இயற்கையைக் கண் திறந்து பார்த்தவள், மனிதக் கொடுமையையும் கண் திறந்தே பார்த்தாள்.

இரண்டும் செப்புத் தகடு. இரண்டும் அழகு. ஒன்று நம் பார்வையை மூடித் தாலாட்டுகிறது; மற்றொன்று திறந்து எழுப்புகிறது.

அதே செம்பு, வேறு செய்தி

புஷேக்கும் பில்லெமானுக்கும் பணிபுரிந்த அதே செம்பும் திராவகமும், அதே பாரிஸ் நகரில், அதே ஆண்டுகளில், வேறொரு பணியும் செய்தன. திதெரோவும் தலாம்பேரும் 1751இல் தொடங்கிய கலைக்களஞ்சியத்தைச் சொல்கிறோம். எழுத்து 17 தொகுதிகள். படம் 11 தொகுதிகள். 1759இல் அரசு அதன் உரிமையைப் பறித்தது. போப்பாண்டவர் அதைத் தடை நூல்களின் பட்டியலிலே சேர்த்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1772இல் படத் தொகுதிகள் நிறைவு பெற்றபோது, 2500க்கும் மேற்பட்ட படங்கள் அமைந்திருந்தன.

அந்தப் படங்களில் என்ன? குண்டூசி செய்யும் பட்டறை. கண்ணாடி ஊதும் உலை. துணி நெய்யும் தறி. தாள் செய்யும் தொட்டி. செப்புத் தகட்டில் படம் பொறிக்கும் தொழிலே படமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது! தொழிலாளியின் கை, கருவியின் உறுப்பு, செய்முறையின் வரிசை ஆகியவை அரச முகத்துக்குக் காட்டும் அதே நுணுக்கத்தோடு காட்டப்பட்டுள்ளன. தொழில் இழிவு, வெட்டிப் பேச்சு உயர்வு என்றிருந்த உலகத்தை அந்தப் படங்கள் தலைகீழாகத் திருப்பிப் போட்டன. தகட்டிலிருந்து தாளுக்கு வரும்போது வலம் இடமாவது போல!

பாம்பதூர் சீமாட்டியின் உருவத்தை லத்தூர் என்னும் ஓவியர் 1755இல் தீட்டினார். புஷேயைப் போற்றிய அந்தச் சீமாட்டியின் மேசைமேல், கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியும் காணப்படுகிறது. மாளிகைக்குள்ளேயே பகுத்தறிவு நுழைந்து மேசைமேல் ஏறிவிட்டது. ஆகவேதான் சொல்கிறோம்: ஒரு காலத்தை முழுவதும் ஒதுக்காதீர்கள், அதற்குள்ளே நடந்த போரைப் பாருங்கள்.

நம் கரையிலிருந்து ஒரு மடல்

இந்தக் கதையில் நமக்கு உறவில்லையா? உண்டு.

சோழமண்டலக் கரையிலிருந்து போன பூவேலைத் துணிகள் ஐரோப்பாவை மயக்கின. சாயம் போகாத சிவப்பு, வெளுத்தாலும் மங்காத நீலம்! தம் நாட்டுப் பட்டும் கம்பளியும் விலை போகாது என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு, 1686இல் அத்துணிகளின் இறக்குமதியைத் தடை செய்தது. உள்நாட்டிலே அச்சிடுவதையும் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. ரொக்கோகோ செழித்த காலம் முழுவதும், நம் கரையின் துணி அங்கே குற்றப் பொருள்!

அந்தத் தடைக் காலத்திலேயே, 1742இல், இங்கே தங்கியிருந்த கெர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தம் நாட்டுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். தாம் மதம் மாற்றிய சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்து, துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊற வைப்பது, ஊசித் துளையிட்ட தாளின் மேல் கரித்தூள் தட்டிக் கோலத்தை இறக்குவது, படிகாரம் தடவிச் சாயவேரிலே சிவப்பேற்றுவது, மெழுகிட்டு நீலத் தொட்டியில் தோய்ப்பது என்று படிப்படியாக விவரித்தார். மடல் அச்சேறியது.

நம் தொழிலாளியின் பெயர் அதில் இல்லை. பாதிரியின் பெயர் நிற்கிறது. யாரை நோவது? கேட்டவனையா? கேட்டு எழுதியவன் அறிவைத் தேடினான். நாம்? கையிலே அவ்வளவு பெரிய வேதியியலை வைத்துக்கொண்டிருந்தவனைத் தாழ்ந்த தொழில் செய்பவன் என்றோம். எழுத்தை ஒரு சாராரின் சொத்தாக்கினோம். தொழிலைக் குடும்பத்துக்குள், சாதிக்குள் மறைவாகப் பூட்டி வைத்தோம். மறைத்த அறிவு மங்கும். அச்சிட்ட அறிவு பெருகும். கலைக்களஞ்சியம் தொழிலாளியின் பட்டறையை நாடி நடந்தபோது, நம் ஏட்டறிஞர் சாயப் பட்டறையின் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லையே!

தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், சாயத் தொழிலாளியின் மகனான ஓபர்காம்ப், பாரிசுக்கு அருகே ஜூய் என்னும் ஊரிலே துணி அச்சிடும் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1770இல் செப்புத் தகட்டால் துணியில் அச்சிடத் தொடங்கினார். 1783ஐ ஒட்டி, யூவே என்னும் ஓவியர் அந்தத் தொழிற்சாலைக்கு வரைந்த துணிக் கோலம் ஒன்று நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. இடைச்சியும் மன்மதனும் இருக்க வேண்டிய இடத்திலே, துணியை அலசுகிறவர், சாயத்தில் தோய்க்கிறவர், அச்சிடுகிறவர் இருக்கின்றனர். தொழிற்சாலையின் வேலையே துணியின் பூவேலை! ரொக்கோகோவின் மெல்லிய கோடு அங்கே இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள்ளே உழைப்பு நுழைந்துவிட்டது. இதுதான் நாம் வேண்டுவது. அழகை அழிக்கச் சொல்லவில்லை; அழகுக்கு ஆள் மாற்றச் சொல்கிறோம்.

ஓட்டை உள்ள இலை

மறுநாள் வகுப்பிலே அந்த மாணவனுக்கு விடை சொன்னோம். "அப்படியானால் நாங்கள் ஏன் அதை வரைய வேண்டும்?" என்றான். சரியான கேள்வி. "ஒரு முறை வரை, தம்பி. கோடு எப்படி வளைய வேண்டுமென்று கை கற்றுக்கொள்ளும். பிறகு தெருவுக்குப் போ. நீயே ஓர் இலையைக் கொண்டு வா" என்றோம்.

வேம்பும் புங்கும் ஆமணக்கும் வகுப்புக்கு வந்தன. நரம்பு தெரியும் அடிப்பக்கத்தில் மை தடவி, தாளின்மேல் வைத்து அழுத்தினோம். இலையே அச்சுக் கட்டையாயிற்று. முட்செடியின் நினைவே இல்லாத இலையை வரைந்த கைகள், நரம்பு நரம்பாகப் பிரியும் உண்மை இலையைக் கண்டு வியந்து நின்றன.

கேள்வி கேட்ட மாணவன் கொண்டு வந்தது பூவரசு இலை. அதிலே இரண்டு ஓட்டைகள். "நல்ல இலையாகப் பறித்து வரக் கூடாதா?" என்று பக்கத்திலிருந்தவன் கேலி செய்தான். அவன் அதை மாற்றவில்லை. ஓட்டையோடு அச்சிட்டான். அச்சுக்குக் கீழே, தான் கண்ட பச்சைப் புழுவைத் தன் கையாலேயே வரைந்து வைத்தான். மேரியானின் பெயரை அவன் அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டான்.

தோழர்களே! நம் ஆண்டு மலர்களின் ஓரங்களைப் பாருங்கள். நம் சீர்திருத்தத் திருமண அழைப்பிதழ்களைப் பாருங்கள். எழுத்திலே பகுத்தறிவு, ஓரத்திலே யாரோ எப்போதோ எந்த மாளிகைக்கோ வளைத்த சுருள்! அச்சகத்தில் ஆயத்தமாகக் கிடக்கிறது என்பதற்காக எடுத்து ஒட்டுகிறோம். புராணத்தைக் கேள்வி கேட்கும் நாம், பூவேலையைக் கேட்கக் கூடாதா? இது எந்தச் செடி? யார் பார்த்தது? யாருக்காக வரைந்தது? எதை மறைத்தது? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டு, அதன் பின்னும் அந்தச் சுருள் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது நம் தேர்வு.

அடுத்த மலருக்கு ஓரம் தேவையெனில், உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பூவரசு இலை தருவார்கள். ஓட்டை இருந்தால் நீக்காதீர்கள்.